முந்நூறு லிட்டர்

அவளுடைய கைபேசியில் அந்தப் படம் வந்தபோது, அவள் முன்பின் தெரியாத ஒருவருடைய மொட்டைமாடியின் படத்தை அரசாங்க இணையத் தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சூரிய வெந்நீர்க் கலனுக்கான மானியம் அன்றோடு முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தளத்தை மூடிவிடுவார்கள். அவள் வேலை பார்க்கும் கலன் கடைக்குள் நிற்க இடமில்லை. மூன்று வருடமாக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் கடைசி நாளில் வந்து, தங்கள் வீட்டில்தான் சூரியன் அதிகமாக அடிப்பதாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி எல்லோருக்கும் ஒரே சிரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

படம் அனுப்பியவர் வீட்டுக்காரர். அவளும் கணவனும் குடியிருக்கும் மாடிப் பகுதிக்குச் சொந்தக்காரர். கீழ்வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். முந்தின நாள் இரவு பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கு ரயில் ஏறியிருந்தார்கள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "அம்மா, கலன்மேல சொட்டிக்கிட்டே இருந்த குழாயை ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நானே சரிபண்ணிட்டேன். புதுசா அடிச்ச சுண்ணாம்பு பாழாகுது. உங்க ஆளை வீணா அலையவிட வேண்டாம்."

கலனின் உச்சியிலிருந்து கைத்தடிபோல வளைந்து நிற்கும் மெல்லிய குழாய் அது. அதன் வாயில் இப்போது ஒரு பித்தளை மூடி இருந்தது. மரை வெளியே தெரியாதபடி வெள்ளை நாடாவைச் சுற்றி, அதன்மேல் இறுக்கித் திருகியிருந்தார். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவர்.

அவள் தொழில்நுட்பம் படித்தவள் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தேநீர் குடிக்கும்போது ஏணி சொன்னவைதான். கடையின் மூத்த பொருத்துநருக்கு, நிலைப்படியில் குனிந்தே நுழையும் உயரத்தால், அந்தப் பெயர். அந்தக் குழாயைப் பற்றி ஒருமுறை சொல்லியிருந்தார்: "அது கலனோட மூக்கு தங்கச்சி. நம்ம மூக்கைப் பொத்தினா நாம சாவோம். அது மூக்கைப் பொத்தினா அது சாகாது, பக்கத்துல இருக்கிறவனைக் கூட்டிட்டுப் போயிடும்." அன்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கலன் நிற்பது அவர்களுடைய படுக்கையறைக்கு நேர்மேலே. கணவன் மருத்துவமனையில் இரவுப்பணிச் செவிலியன். காலையில் வந்து குளித்து, காதில் பஞ்சு வைத்து, கைபேசியை அணைத்துவிட்டுப் படுத்தால் பொழுது சாயும்போதுதான் எழுவான். இப்போது அந்தக் கட்டிலில்தான் இருப்பான்.

அவள் அவனை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொன்னது. வீட்டுக்காரரை அழைத்தாள். ரயில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, மணியே போகவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கும் அழைத்தாள். கூட்டத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள்.

"தீ எங்கம்மா பிடிச்சிருக்கு?"

"பிடிக்கல சார். வெந்நீர்..."

"வெந்நீரா?"

"வெந்நீர்க் கலன் சார். மொட்டைமாடில. மூக்கை மூடிட்டாங்க."

மறுமுனையில் யாரிடமோ எதையோ கேட்டார்கள். பிறகு, முகவரி சொல்லும்மா, வண்டி வந்ததும் அனுப்பறோம் என்றார்கள். சொல்வதற்குள் அவளுக்குத் தன் வீட்டின் கதவு எண்ணே மறந்துபோய்விட்டது.

கீழ்வீட்டு இரண்டு பேருக்கு நூறு லிட்டர் போதும். மானியம் லிட்டர் கணக்கில். அதனால் பெரிய கலனை விற்றால் வாங்குகிறவருக்கும் மகிழ்ச்சி, கடைக்கும் மகிழ்ச்சி. வீட்டுக்காரரிடம் முந்நூறு லிட்டரைப் பரிந்துரைத்தது அவள்தான். "பெருசா எடுத்தா உங்களுக்குத்தான் சார் நல்லது." வீட்டுக்காரருக்கு நம்மால் ஒரு நன்மை என்று இருந்தால் காலிபண்ணச் சொல்லமாட்டார் என்று ஒரு நினைப்பு. இரண்டு பேர் குளித்து முந்நூறு லிட்டர் தீருமா? தீராத தண்ணீர் மறுநாளும் காய்ந்தது, அதற்கு மறுநாளும் காய்ந்தது. ஆவி அந்தக் குழாய் வழியாக வந்து சொட்டியது. மேல்வீட்டுக்கு வெந்நீர்க் குழாய் இழுக்கவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார் வீட்டுக்காரர். தலைக்குமேல் அவ்வளவு வெந்நீரை வைத்துக்கொண்டு அவளும் கணவனும் பச்சைத்தண்ணீரில்தான் குளித்தார்கள்.

அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கும் வால்வு ஒன்று உண்டு. கடை அதைப் பொருத்துவதில்லை. மானியத்துக்கு ஏற்றும் படத்தில் கண்ணாடிக் குழாய்களும் கலனின் எண் தகடும் பக்கத்தில் உரிமையாளரின் முகமும் தெரிய வேண்டும் என்பதுதான் விதி. யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. "படத்துல விழாத சாமானுக்கு யாரும்மா காசு குடுப்பா?" என்பார் முதலாளி. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு வண்ணப்படம், கடலோரத்து ஊர் ஒன்று, வெள்ளை வீடுகள், ஒவ்வொரு கூரையிலும் ஒரு கலன். அந்த நாட்டில் இது இல்லாமல் வீடு கட்டவே அனுமதி கிடையாதாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த ஊரில் வால்வு வைக்கிறார்களா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஏணியை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மனிதர். இப்போது நேராகக் கேள்விதான் கேட்டார்.

"கீழ யாராவது வெந்நீர் திறந்தாங்களா?"

"வீடு பூட்டியிருக்கு அண்ணே."

"இன்னிக்கு மேகமும் இல்ல," என்றார் தனக்குத்தானே. "கடை வாசல்ல நில்லு. வந்துட்டேன்."

அவள் எழுந்ததைப் பார்த்து முதலாளி அருகில் வந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் தாழ்ந்தது.

"எங்கம்மா கிளம்பிட்ட? உன்னை விட்டா அந்தத் தளத்துல ஏத்த இங்க யாருக்குத் தெரியும்?"

"வீட்டுல மூக்குக் குழாயை மூடிட்டாங்க சார். வெடிச்சிடும்."

"மெதுவா பேசு, மெதுவா பேசு." பக்கத்தில் நின்ற ஒருவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். "இத்தனை வருஷமா விக்கிறேன். ஒண்ணு வெடிச்சிருக்கா? அஞ்சு மணிக்கு அப்புறம் போயேன். ஒரு வெந்நீர்ப் பானைக்கா இப்படி நடுங்கற?"

"அவர் கீழ தூங்கறாரு சார்."

"இப்ப நீ போனா நாளைக்கு வரவேண்டாம்," என்றார், அதே சிரிப்போடு.

அவள் செருப்பைத் தேடினாள். கூட்டத்தின் கால்களுக்கிடையே ஒன்று கிடைத்தது. இன்னொன்றும் எப்படியோ கிடைத்தது.

வண்டியில் ஏணியின் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவள் சாலையைப் பார்க்கவில்லை, கூரைகளைத்தான் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கலன் வெயிலில் மின்னியது. முக்கால்வாசி அவள் கையால் தளத்தில் ஏறியவை. எந்தெந்த வீட்டில் சொட்டு விழுகிறது? எந்தெந்த வீட்டில் ஒழுங்கான மனிதர் ஒருவர், சுண்ணாம்பு பாழாகிறதே என்று மூடியும் நாடாவுமாக மேலே ஏறியிருப்பார்? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் கட்டில் தெரிந்தது. திறந்துகொண்டாள்.

வீடு இருந்த இடத்தில் இருந்தது. தெருவில் ஒருவர் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு போனார். எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்ததும் பயம் குறையவில்லை, கூடியது. வெளிப்படியில் ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. யாரோ மேலே உட்கார்ந்து, அவசரமில்லாமல், தகரத்தை விரலால் சுண்டுகிற மாதிரி. ஏணி நின்று கேட்டார். மறுபடி ஏறினார்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் தட்டினாள், இடித்தாள், கடைசியில் காலால் உதைத்தாள். கதவைத் திறந்தவன் ஒரு காதில் பஞ்சோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"வீடா பத்திக்கிச்சு? எதுக்குடி இப்படி உடைக்கிற?"

"கீழ போங்க. முதல்ல கீழ போங்க."

"சட்டையாவது..."

"சட்டை வேண்டாம்!"

கல்யாணமாகி இத்தனை நாளில் அவனிடம் அவள் இந்தக் குரலில் பேசியதில்லை. அவன் ஏணியைப் பார்த்தான். ஏணி அறைக்குள் குனிந்து நுழைந்து கட்டில்மேல் கிடந்த போர்வைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "கண்ணாடிக் குழாய்ல வெயில் படாம மூடணும் தம்பி. சூடு ஏறறது நிக்கட்டும். அப்புறம் அந்தப் பக்கமா குழாய் இணைப்பைக் கொஞ்சமா தளர்த்தி விடணும். கொஞ்சமா. மூடியைத் தொட்டா அவ்வளவுதான். காத்து வேற அடிக்குது, துணியைப் பிடிச்சுக்க இன்னொரு ஆள் வேணும்."

"நான் வரேன்," என்றான் கணவன்.

ஆனால் பெரிய போர்வை அதற்குள் அவள் கையில் இருந்தது, அவள் படியில் இருந்தாள். "தெருவுல யாரையும் நிக்கவிடாதீங்க," என்றாள் திரும்பாமல். "காய்கறிக்காரரை அனுப்பிடுங்க."

மேலே வெயில் முகத்தில் அறைந்தது. கலனின் இரு முனைகளும் தட்டையாக இருக்க வேண்டும். அவள் பக்கத்து முனை, நிரம்பச் சாப்பிட்டவன் வயிறுபோல வெளியே வந்திருந்தது. அதன்மேல் கடையின் பெயர் ஒட்டியிருந்த தாள் நடுவில் கிழிந்து, எழுத்துகள் விலகியிருந்தன. ஏணி இடுப்பை மடக்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டி நகர்ந்தார். அவ்வளவு உயரமான மனிதர் இவ்வளவு சிறியவராக ஆக முடியும் என்று அவள் நினைத்ததில்லை. போர்வைகளைக் கண்ணாடிக் குழாய்கள்மேல் இழுத்துவிட்டார்கள். ஒரு முனையைச் சட்டத்தில் கட்டினார். மறுமுனை நிற்கவில்லை. அவள் படிக்கட்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, கையை மட்டும் வெளியே நீட்டி, அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் திருகும்போது தலையை வெளிய நீட்டாத," என்றார் ஏணி. திருகியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

பக்கத்து மாடியில் ஒரு பெண் ஈரத்துணி வாளியோடு வந்தாள். இரண்டு மாடிகளுக்கும் இடையே கைநீட்டினால் தொடும் தூரம்தான். "என்னம்மா, போர்வையெல்லாம் அங்க காயப்போடற?" என்று சிரித்தாள். "சூடு நல்லா ஏறுமோ?"

அவள் மறு கையை வீசி விரட்டினாள். "உள்ள போங்க! உள்ள போயிடுங்க!"

அந்தப் பெண் போகவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் கையை மறைப்பாக வைத்து, என்ன நடக்கிறது என்று பார்த்தபடி சுவரோரம் வந்தாள்.

தகரத்தைச் சுண்டும் சத்தம் நின்றது.

ஏணியின் கை திருகியின்மேல் அப்படியே இருந்தது. அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் அவள் தேடிய நிம்மதி இல்லை. போர்வைக்கு அடியில் காற்று புகுந்து அதை மெல்லத் தூக்கியது. அதன் சாயம்போன நீலக் கோடுகள் ஒவ்வொன்றாக உயர்ந்து, கண்ணாடியின் ஓர் ஓரம் வெயிலில் பளிச்சென்றது. அவள் துணியின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, உடம்பின் எடையெல்லாம் கொடுத்து, கீழே இழுத்தாள்.