பாதர் மலக்கியின் வைக்கோல்

ஆற்றில் தேடுவதை நிறுத்திவிட்டதாகப் பொலிஸ் சொன்ன மறுநாளும் றோசா வேலைக்குப் போனாள். கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரு முதியோர் இல்லம். அங்கே நோரா என்ற ஐரிஷ்க் கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கையில் றோசாவின் கை அப்படியே நின்றுவிட்டது. என்ன என்று கிழவி கேட்டாள். ஓகஸ்டில் சிநேகிதர்களோடு படகில் போன மகன் றஜிந்தன் தண்ணீரில் விழுந்ததையும், உடல் இன்னும் கிடைக்காததையும் றோசா சொன்னாள்.

நோரா தன் ஊரின் பங்குச்சுவாமியைப் பற்றிச் சொன்னாள். பாதர் மலக்கி. அவர் இறந்தது அவள் பிறப்பதற்கு முன்; ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் ஊரில் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்களாம். யாராவது கடலில் மூழ்கினால் அவர் ஒரு வைக்கோல் கட்டை ஆசீர்வதித்து, மெழுகுதிரி ஏற்றி அலையில் விடுவார். உடல் கிடக்கிற இடத்துக்கு மேலே கட்டு அசையாமல் நின்றுவிடும். நோராவின் பெரியப்பாவை அப்படித்தான் எடுத்தார்களாம்.

கணவன் மரியதாசன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தெருமூலையிலுள்ள டெப்பனர் கடை வாசலில் பூசணிக்காய்களோடு அலங்காரத்துக்கு அடுக்கியிருந்த வைக்கோலில் ஒரு கட்டு வாங்கி வந்தான். இருவரும் அதைத் தமிழ்ப் பங்கின் சுவாமியிடம் கொண்டுபோனார்கள். திருச்சபை இப்படியெல்லாம் போதிக்கவில்லை, பிள்ளையின் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கிறேன் என்றார் அவர்.

"ஆத்துமாவ ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார், சுவாமி. நான் கேக்கிறது உடம்ப," என்றாள் றோசா.

சுவாமி வைக்கோலின்மேல் கையை வைத்தார். உதடுகள் அசையவில்லை. அது ஆசீர்வாதம்தானா என்று அவர்கள் கேட்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஆற்றங்கரையில் நல்ல காற்று. மரியதாசன் ஜாக்கெட்டை விரித்து மறைத்துக்கொள்ள, றோசா மெழுகுதிரியை ஏற்றி வைக்கோல் கட்டை ஆற்றில் விட்டாள். கட்டு கொஞ்சத் தூரம் போனதுமே திரி அணைந்துவிட்டது. இருவரும் கரையோரமாகக் கூடவே நடந்தார்கள். வளைவைத் தாண்டியதும் கட்டு நின்றது. சுற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அது மட்டும் நகரவில்லை.

றோசா சேற்றில் முழங்காலிட்டாள். மரியதாசன் சப்பாத்தோடு இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நெடுநேரம் தடவினான்.

"என்னங்க?"

"கல்லு."

கல்லில் தட்டி நின்ற வைக்கோல் கட்டை எடுத்துவிட்டான். அது சுழன்றபடி பாலத்துக்கடியில் போய் மறைந்தது.

"ஏறி வாங்க. குளிருது."

அவன் திரும்பவில்லை. ஒரு காலால் அடிமண்ணை மெல்லத் துழாவியபடி, இன்னும் கொஞ்சம் உள்ளே போனான்.