இரண்டு ராத்திரிக் கணக்கு

காலை பத்து மணிக்கு மலையிலிருந்து அண்ணன் கோரேலால் போன் செய்தான். "விடிஞ்சதிலேருந்து ஆலங்கட்டி மழை, ஹல்கி. சித்திரையில இப்படி ஒரு மழையை நான் பார்த்ததே இல்ல."

அந்த மலையில் பிறந்து நர்மதையில் போய் விழும் சிற்றாற்றின் மணலில், படகோட்டிச் சாதியான கேவட் குடும்பங்கள் பதினோன்று தர்பூசணி போட்டிருந்தன. தீபாவளி கழிந்து நீர் வடிந்ததும் குழி தோண்டி, எரு வைத்து, குடம் குடமாக ஊற்றி வளர்த்த காய். மறுநாள் லாரி வருகிறது.

மலையில் மழை என்றால் எல்லோரும் ஹல்கியிடம்தான் ஓடி வருவார்கள். அவள் பிறந்தது ஆற்றின் தலைமாட்டில், வாழ்க்கைப்பட்டது கால்மாட்டில். அங்கே பெய்தது இங்கே வந்து சேர இரண்டு ராத்திரி என்ற அவள் கணக்கு இருபது வருஷமாகப் பொய்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பெருமைப்பட அவளிடம் வேறென்ன இருந்தது?

"என்ன அண்ணி, இப்பவே பறிச்சிரலாமா?" என்றான் கொழுந்தன் ஜகன்.

"பறிச்சுக் கரையில போட்டா வெயில்ல வெந்து போயிரும். நாளைக்கு விடியப் பறிப்போம். இன்னும் ரெண்டு ராத்திரி இருக்கில்ல?"

"அண்ணி சொல்லிட்டா ஆத்தாளே சொன்ன மாதிரி!" என்று சிரித்துக்கொண்டு போனான்.

ஹல்கிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ரொட்டியைக் கருக்கினாள். போன ஹோலிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. முன்பு காடாக இருந்த சரிவில், வாசலிலிருந்து மலை முகடு வரை ஒரு மரமில்லை. எல்லாம் மக்காச்சோளம், டிராக்டர் போட்ட சால்கள் நேரே கீழ்நோக்கி ஓடின. 'இப்பத்தான் ஊர் மாதிரி இருக்கு' என்று அவளே மெச்சிவிட்டு வந்தாள். அங்கே விழுகிற மழையை இப்போது எது பிடித்து வைக்கும்?

"எல்லாரையும் கூப்பிட்டு இப்பவே பறிக்கச் சொல்லவா?" என்று புருஷனைக் கேட்டாள்.

பர்சாதி சிரித்தான். "உன் கணக்குக்கு நீயே பயந்தா, இனி உன்னை எவ மதிப்பா?"

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணிக்குப் பொறுக்க முடியாமல் தண்ணீரோரம் போனாள். ஆறு செம்மண்ணாகக் கலங்கியிருந்தது. நுரையோடு மக்காச்சோளத் தட்டைகள் மிதந்து வந்தன.

"காயை விடுங்க! கரையேறுங்க!"

அவள் போட்ட கூச்சலில் மணலில் போட்டிருந்த காவல் குடிசைகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கைக்கு அகப்பட்டதைச் சிலர் பறித்தார்கள். கடைசி ஆள் மேடேறுவதற்குள் மணல் முழுவதும் நீருக்கடியில் போயிற்று. பதினோரு குடும்பத்துக் காய்களும் கொடியோடு பிய்ந்து நர்மதையைப் பார்க்கப் போயின.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜகன் பெண்டாட்டி ஈரப் பாவாடையைப் பிழிந்தபடி கேட்டாள். "இனிமே மலையில மழைன்னா எத்தனை ராத்திரி எண்ணணும் அக்கா?"

எல்லா முகமும் ஹல்கி பக்கம் திரும்பியது. இப்போதும் அவளையே நம்பிக் கேட்கிறார்கள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "மத்தியானமே எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. மானம் போயிருமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

ஜகன் காப்பாற்றிக் கொண்டுவந்த ஒற்றைக் காயைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் நடந்தான்.