செக்கிங் அக்கா பின்னிய குல்லாய்

‘தேவையான அளவு உப்பு’ என்று எழுதியிருந்த சமையல் குறிப்பை மூன்றாவது முறையாகப் படித்துவிட்டு, அவள் போனை மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். யாருக்குத் தேவையான அளவு? எந்த அளவுகோலில்? இருபத்தாறு வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நின்று, எல்லோருக்கும் ‘செக்கிங் அக்கா’ ஆனவள் அவள். சட்டைக் காலர் ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பியவள். இப்படி ஒரு குறிப்பை எவனாவது அவள் மேசைக்கு அனுப்பியிருந்தால், ஸ்டிக்கரை அவன் நெற்றியிலேயே ஒட்டியிருப்பாள்.

“ஒரு ஸ்பூன் போடு. பத்தலேன்னா அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கூடத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

“நான் உங்களைக் கேட்டேனா? இந்தப் பக்கம் தலையை நீட்டக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“தலை இங்கதான் இருக்கு. வாய் மட்டும்தான் அங்க வந்துச்சு.”

அந்த வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து சமையல் அவருடையது. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போதெல்லாம் விடிவதற்குள் வண்டியை எடுத்து மதியம் வீடு திரும்பிவிடுவார். அவள் வேலை முடிந்து வர சாயங்காலம் இருட்டிவிடும். முதலில் வீட்டுக்கு வருகிறவர் அடுப்பைப் பற்றவைப்பது என்று ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. மகளுக்குச் சோறு ஊட்டி வளர்த்ததும் அவர் கைதான். அடுப்படியில் இவளுக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, தண்ணீர் கொதிக்க வைப்பது. இன்னொன்று, அவர் சமைத்ததில் குறை கண்டுபிடிப்பது. இரண்டாவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இவள் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. “பொழுது போகல, அதான் சமையலும் பின்னலும் கத்துக்கறேன், ஒரு ஹாபிதானே” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கலப்படமில்லாத பொய். மகளுக்கு இது ஏழாம் மாதம். குழந்தை பிறந்தபின் இரண்டு மாதம் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். மகள் வீட்டில் கூடுதலாக இருப்பதோ ஒரே ஓர் அறை, அதில் ஒரே ஒரு கட்டில். “நான் வரேன்” என்று இவள் போனில் சொன்னாள். “யோசிச்சுச் சொல்றேம்மா. அத்தையும் வரேங்கறாங்க. அவங்க நல்லா சமைப்பாங்க, பின்னக்கூடத் தெரியும்” என்று பதில் வந்தது.

அத்தை என்றது மாமியாரை. சம்பந்தியம்மாள் டிவி பார்த்துக்கொண்டே காலுறை, ஸ்வெட்டர், குல்லாய் என்று ஒரு செட்டையே பின்னி முடித்து போட்டோவும் அனுப்பிவிட்டாள். இவள் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள். ஒரு தப்புகூட அகப்படவில்லை. வயிறு எரிந்தது. அன்றைக்கே கடைக்குப் போய் இரண்டு ஊசியும் மஞ்சள் கம்பளி நூலும் வாங்கி வந்தாள்.

சமையலாவது பரவாயில்லை. கருகினால் கொட்டிவிட்டு வேறு பாத்திரம் வைக்கலாம். பின்னல் அப்படியா? வீடியோவில் வரும் பெண் சிரித்துக்கொண்டே, “ரொம்ப ஈஸி, அப்படியே உள்ள விட்டு, அப்படியே இழுங்க” என்கிறாள். எப்படியே? அவள் கை எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் நாலு கண்ணி ஓடிவிடுகிறது. அறுபது கண்ணியில் ஆரம்பித்த வரிசை, பத்து வரிசை கழித்து எண்ணினால் அறுபத்தேழு. யார் வந்து ஏழு கண்ணியைப் போட்டுவிட்டுப் போனார்கள்? முதல் குல்லாய் பின்னி முடித்தபோது அது கணவர் தலைக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் அதை மாட்டிக்கொண்டே பால் வாங்கப் போய்விட்டு வந்தார்.

“கழட்டுங்க அதை! மானம் போகுது!”

“பால்கடைக்காரர் எங்க வாங்கினீங்கன்னு கேட்டார். செக்கிங் மேடம் கைவேலைன்னு சொன்னேன்.”

தப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், மேலே பின்னு என்று அந்த வீடியோப் பெண் சொன்னாள். இவளால் முடிந்தால்தானே! பின்னும் கை புதுசு. பார்க்கும் கண்ணோ இருபத்தாறு வருஷப் பழசு. ஒரு கண்ணி நழுவினாலும் கண் போய் அங்கேயே நிற்கும். பிரிப்பாள். காலையில் நான்கு அங்குலம் பின்னுவாள், சாயங்காலம் நான்கு அங்குலமும் பிரிப்பாள். நூல் மெலிந்து, சாயம் வெளுத்து, மஞ்சளா வெள்ளையா என்று தெரியாத நிறத்துக்கு வந்துவிட்டது. இப்படியே போனால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதுதான் குல்லாய் தயாராகும் என்று கணவர் சொன்னார். சொல்லிவிட்டு உடனே மாடிக்குப் போய்விட்டார், விவரமான மனுஷன்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கைப்பையின் அடியில் கிடந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். தப்பு தெரிந்த இடத்தில் பிரிக்காமல் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டு மேலே பின்னினாள். கம்பெனியிலும் அதுதானே முறை. செக்கிங்கில் நிற்கிறவள் தைக்கக் கூடாது, குறிக்க மட்டும்தான் செய்ய வேண்டும். முழுதும் முடிந்தபின் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்துகொள்ளலாம். எட்டாவது வாரம் ஒரு குல்லாய் நிஜமாகவே முடிந்தது. பிறந்த குழந்தையின் தலைக்குச் சரியான அளவு, டேப் வைத்துப் பார்த்தாயிற்று. மேலே பதினோரு அம்புகள்.

சரி செய்ய நேரம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாக மகள் போன் செய்துவிட்டாள். “வந்து நேர்லயே சொல்றேம்மா” என்றாள்.

காய்கறி சூப், சோறு, கோழி, உருளைக்கிழங்கு வறுவல். ஒன்பது தடவை கொட்டிக் கவிழ்த்து, பத்தாவது தடவையில் பிடிபட்ட சூப். உப்பு ஒன்றேகால் ஸ்பூன், தலை தட்டியது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். மருமகனுக்கு வேலை, மகள் மட்டும் வந்தாள். இவள் அடுப்படியில் இருந்தபோது மகள் கூடத்தில் கம்பளி நூல் கூடையைக் கிளறி, அந்தக் குல்லாயை எடுத்துவிட்டாள்.

“அம்மா! இது நீ பின்னினதா?”

“அதைக் கீழ வை. அது ரிஜெக்ட்.”

“உனக்கு நீயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்க!” மகள் அம்புகளை எண்ணினாள். பதினொன்று வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இவள் பிடுங்கப் போனபோது கொடுக்கவில்லை. அம்புகளோடு அப்படியே தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இவளுக்குக் கோபம் வந்தது, கூடவே உள்ளுக்குள் குளிர்ந்தும் போயிற்று. சம்பந்தியம்மாளின் குல்லாயைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டிலும் எல்லாம் சாதகமாகவே நடந்தது. மகள் இரண்டாம் தடவை சூப் கேட்டாள், கோழியை எலும்பு வரை சுத்தம் செய்தாள். “நிஜமாவே நீதான் செஞ்சியா? அப்பா உதவி செய்யலையா?” என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் இவள் நிமிர்ந்து உட்கார்ந்து, “உங்கப்பா இந்தப் பக்கமே வரல” என்றாள். கணவர் இன்னொரு கோழித் துண்டை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார். எந்த பஸ்ஸைப் பிடிப்பது, எந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவது என்பதுவரை இவள் மனசு போய்விட்டது.

மகள் கை கழுவிவிட்டு வந்து மெல்ல நாற்காலியில் சாய்ந்தாள். “முடிவு பண்ணிட்டேம்மா. அத்தைக்கும் நேத்தே சொல்லிட்டேன்.”

“சொல்லு.”

“அப்பா வரட்டும்.”

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் குழாயை மூடினார்.

“பெத்தவ நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அப்பாவா?”

“அப்பா சமையல்தானேம்மா நான் சாப்பிட்டு வளர்ந்தது? முதல்லேர்ந்தே அவரைத்தான் கூப்பிடணும்னு நினைச்சேன். உன்னைத் தனியா விட்டா ரெண்டு மாசம் ரொட்டியும் தண்ணியுமா கிடப்பியேன்னு பயந்துதான் வாயைத் திறக்கல. இன்னிக்கு சாப்பிட்டதும் அந்தக் கவலை போயிடுச்சு.”

எட்டு வாரம். எத்தனை பாத்திரம் கருகியது, எத்தனை முறை சூட்டுக் கொப்புளத்துக்குக் களிம்பு தடவினாள். எல்லாம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளத்தான். சூப்பில் இன்னும் அரைக் கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டிருந்தால் கணவர் இந்த அடுப்படியை விட்டு நகர்ந்திருக்க முடியாது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் வந்தா என்ன? ஒரு வார்த்தை பேச மாட்டேன். வாயே திறக்க மாட்டேன், போதுமா?”

“தெரியும்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்ப.” மகள் குரல் தணிந்தது. “ஆனா பார்ப்பியே. நான் குழந்தையைத் தூக்குறது, துணி மாத்துறது எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு நிப்ப. சின்ன வயசுலேர்ந்தே நீ பார்த்தா எனக்குக் கை நடுங்கும். பிறந்த குழந்தையைக் கையில வெச்சுக்கிட்டு நடுங்க முடியாதும்மா.”

கம்பெனியில் பிரிவு உபசார நாளன்று அந்தக் கண்ணைத்தான் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். இப்போது அதே கண்ணைத் தாழ்த்தி, மேசையில் சிந்தியிருந்த பருக்கைகளை ஒற்றி எடுத்தாள்.

“அப்ப நான் எப்பத்தான் வரது?” என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

“ரெண்டு மாசம் ஆகட்டும், எனக்குக் கொஞ்சம் பழகட்டும். அப்புறம் வா. சும்மா வா. சமைக்காதே, பின்னாதே. குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு உட்காரு.”

மகளின் ரவிக்கைத் தோளில் தையல் விட்டு ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்தாயிற்று. சூப் ஊற்றும்போது பார்த்தாள், சோறு போடும்போது பார்த்தாள், இதோ இப்போதும் கண் அங்கேதான் நிற்கிறது. அம்மாவின் கண் நிற்கும் இடத்தை மகளும் கவனித்துவிட்டாள் போல, தோளை லேசாக உள்ளுக்கு இழுத்துக்கொண்டாள்.

மகளின் அந்தச் சின்ன அசைவை அவள் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. கஷ்டப்பட்டுக் கண்ணை நூலிலிருந்து எடுத்து, மகளின் முகத்தைப் பார்த்தாள்.