கட்டம் போட்ட ராக்கெட்

வேறு யாருக்காவது கை நடுங்கினால் டம்ளரில் இருக்கிற டீதான் தளும்பும். சவரக்கடைக்காரருக்குக் கை நடுங்கினால் அடுத்தவன் கழுத்தல்லவா சம்பந்தப்படுகிறது. அண்ணனுக்கு வந்தது அதுதான். கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டோடு உட்கார்ந்து அரை வருடம் ஆகியிருந்தது. நரம்பு டாக்டர் ஒளிவு மறைவு வைக்கவில்லை. மாத்திரையால் நடுக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாம், போக்க முடியாது என்று நேராகவே சொன்னார். அண்ணன் காதில் அதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. இரண்டாம் பாதியைத் தம்பியும் அண்ணியும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

விரலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண், ஒரு தட்டில் பட்டாணியையும் பாசிமணியையும் கலந்து கொட்டித் தனித்தனியாகப் பொறுக்கச் சொன்னாள். நான் என்ன கோழியா என்று கேட்டு அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டார். அந்த விஷயம் எப்படியோ பொம்மைக்கடைக்காரர் காதுக்குப் போனது. இருபது வருடமாக அண்ணனிடம் மட்டுமே முகத்தைக் கொடுத்தவர் அவர். அட்டை நசுங்கி விலைபோகாமல் கிடந்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, சின்னச் சின்ன வேலை செய்தால் கை பழகும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்டியின் மேல் ஒரு போர்க்கால ராக்கெட்டின் படம். உள்ளே பிளாஸ்டிக் பாகங்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த உடம்பு, நாலு இறக்கை, நெருப்பு கக்கும் குழாய், நிற்க ஒரு மேடை. மனிதர்கள் தலையில் விழுந்த சாமானை வீட்டுக்குள் வைக்க வேண்டுமா என்று அண்ணி முகத்தைச் சுளித்தாள். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடம்பின் இரண்டு பாதிகளையும் பசை போட்டு ஒட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கி, காய்ந்ததும் இணைப்பை உப்புத்தாளால் தேய்த்தார்.

தேய்க்கிற வேலைக்கு நடுக்கம் தோதாகத்தான் இருந்தது. கை தன்பாட்டுக்கு ஆடியது, தாள் தன்பாட்டுக்குத் தேய்த்தது. சும்மா கிடைத்த மெஷின் என்று அவரே சிரித்தார். தேய்த்து முடித்ததும், ஷேவ் செய்த கன்னத்தில் முடி தட்டுகிறதா என்று பார்ப்பதுபோல, விரலின் பின்பக்கத்தால் எதிர்த்திசையில் தடவிப் பார்த்தார். எதுவும் தட்டவில்லை.

வெள்ளை அடிப்பதுவரை வம்பில்லை, டப்பாவை அமுக்கினால் அதுவே பீய்ச்சும். பிறகுதான் வினை வந்தது. வெள்ளை உடம்பின் மேல் கறுப்புக் கட்டங்கள் வர வேண்டும். எதற்கு இந்தச் சதுரங்க வேலை என்று அண்ணி கேட்டாள். குறிப்புத்தாளைத் தூரப் பிடித்துப் படித்துவிட்டு அண்ணன் விளக்கினார். சோதனைக்காக ஏவும்போது அது நேராகப் போகிறதா, சுற்றுகிறதா, தள்ளாடுகிறதா என்று தரையில் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டுமாம். வெறும் வெள்ளையாக இருந்தால் தெரியாதாம்.

முதல் கட்டம் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வந்தது. அண்ணன் பிரஷைக் கழுவி வைத்துவிட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

தம்பிக்குத் தொழில், பல் டாக்டர்களுக்குச் செட் பல் செய்து கொடுப்பது. கடுகளவு மெழுகைச் செதுக்கிச் செதுக்கிக் கை கல்லாகிவிட்டிருந்தது. மாலையில் அவன் வந்தபோது அண்ணி வாசலிலேயே மறித்தாள். அண்ணனை எப்படியோ கிளப்பித் தெருமுனைவரை நடக்க அனுப்பியிருந்தாள்.

"தம்பி, நீங்க கொஞ்சம் தொட்டு வைங்க. நாளைக்கு அவர் பார்க்கும்போது ஓரளவுக்கு இருந்தா போதும். எனக்காக."

அவன் பையிலிருந்து மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்தான். வழிந்த கறுப்பைச் சுரண்டினான். ஓரத்துக்கு மெல்லிய டேப் ஒட்டி, உள்ளே கறுப்பும் வெளியே வெள்ளையும் தொட்டுவிட்டு டேப்பை உரித்தான். அண்ணன் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவன் பல் வரிசை ஒன்றைப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெயிண்ட் காயக் காய ஓரம் உள்பக்கமாக இழுத்துக்கொள்கிறது, நேற்று அவசரப்பட்டுக் கோபித்துக்கொண்டேன் என்றார் அண்ணன். குரலில் அத்தனை தெம்பு. பெயிண்ட் அப்படித்தான் என்று தம்பியும் ஒத்து ஊதினான். அதோடு விட்டிருக்கலாம். யார் விட்டார்கள்?

காலையில் அண்ணன் கட்டம் போடுவார், மாலையில் நடக்கப் போவார், தம்பி வந்து திருத்துவான். இதில் அவன் தன் தொழில் புத்தியை வேறு காட்டினான். செட் பல் பளிச்சென்று இருந்தால் பொய்ப் பல் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். லேசாக ஒரு கறை, முனையில் ஒரு தேய்மானம் வைத்தால்தான் நிஜம்போல இருக்கும். அதே கணக்கில், இரண்டாவது கட்டத்தில் கொஞ்சம் கோணலை விட்டு வைத்தான். மூன்றாவதில் அதைவிடக் குறைத்தான். பார்க்கிறவர்களுக்கு ஒரு கை மெல்ல மெல்லத் தேறி வருவதுபோலவே இருந்தது. அண்ணன் சாப்பிட்டார். அண்ணியைக் கிண்டல் செய்தார். பட்டாணித் தட்டைத் தானே கேட்டு வாங்கினார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தம்பிக்குத் தன்மேலேயே ஒரு மெச்சுதல்கூட வந்தது. மடையன்.

கட்டங்கள் முடிந்த அன்று அண்ணன் ராக்கெட்டை ஜன்னலோரம் நிறுத்திவிட்டுச் செய்தி சொன்னார். திங்கட்கிழமை கடையைத் திறக்கப் போகிறார். முதல் ஷேவ் பொம்மைக்கடைக்காரருக்கு. அவரிடம் சொல்லியும் ஆயிற்று.

தம்பி நேராக உள்ளே போனான். அடுக்களையில் அண்ணி, நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றாள். நீங்களே சொல்லுங்கள் அண்ணி என்றான் அவன். தொடங்கி வைத்தது நான், அதை வளர்த்தது நீங்கள் என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனும் சொல்லிவிடுவது என்றுதான் வெளியே வந்தான். அண்ணன் ராக்கெட்டை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தார். தன் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் என்ன சொல்ல முடியும்? வாய் வேறு எதையோ சொன்னது.

"முதல் ஷேவ் எனக்குப் போடுங்கண்ணா. வெளியாளுக்கு எதுக்கு?"

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே போவோம் என்றார்.

ஷட்டரைத் தூக்கியதும் அடைத்துக் கிடந்த சோப்பு வாசனை முகத்தில் அடித்தது. கண்ணாடியைத் துடைத்து, நாற்காலியைத் துணியால் தட்டி, வாடிக்கையாளரை வரவேற்பதுபோல அண்ணன் கை காட்டினார். தம்பி உட்கார்ந்தான். கழுத்தைச் சுற்றித் துணி கட்டினார், முடிச்சு இரண்டாவது முயற்சியில் விழுந்தது. நுரை தடவுவதில் ஒரு குறையும் இல்லை, அதுவும் தேய்க்கிற வேலைதானே. பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் மாட்டுவதற்குத்தான் நேரம் பிடித்தது. கண்ணாடியில் தெரிந்த அந்தக் கையைப் பார்க்காமல் இருக்கத் தம்பி மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

அவன் மனதுக்குள் ஒரே முடிவு. எங்கே வெட்டினாலும் அசையக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. துணிக்கு அடியில் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டான். இடது கன்னத்தில் கத்தி இறங்கியது. இரண்டு மூன்று இடத்தில் சுருக்கென்றது. பரவாயில்லை. பிறகு அண்ணன் அவன் தாடையை உயர்த்தினார். குரல்வளைக்குப் பக்கத்தில் கத்திமுனை தொட்டு விலகி, தொட்டு விலகி, ஓர் இடத்தில் நிற்காமல் ஆடியது. தம்பி மூச்சை நிறுத்திக்கொண்டு கண்ணை மூடினான்.

கத்தி விலகியது.

"மூச்சு விடுடா," என்றார் அண்ணன்.

விட்டான். கண்ணைத் திறந்தபோது அண்ணன் கத்தியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"போடுங்கண்ணா. நான் அசையவே இல்லையே."

"அசையலைதான். இந்த நாற்காலில உட்கார்ந்தவன் தூங்கியிருக்கான், ஊர்க்கதை பேசியிருக்கான், கத்தி வைக்கும்போது தும்மியிருக்கான். நம்பினவன் அப்படித்தான் இருப்பான். நீ ஆபரேஷனுக்குப் படுத்தவன் மாதிரி இருக்க."

தம்பி துணிக்கு அடியில் பிடியைத் தளர்த்தினான். வலது கன்னத்தில் நுரை காய்ந்து இழுத்தது.

"கட்டம் போட்டது நீதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் அவ்வளவு நுணுக்கமாகப் பொய் செய்தவனுக்கு, தேவைப்பட்ட நேரத்தில் அந்த ஒரு பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் ஈரத்துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். துண்டு கன்னத்தில் நடுங்கியது. மீதியை வீட்டில் போய் நீயே போட்டுக்கொள் என்றார். ஷட்டரை இறக்க அவரால் முடியவில்லை, தம்பிதான் இறக்கினான். பாதி மழித்த முகத்தோடு அவன் அண்ணனுக்குப் பின்னால் நடந்தான். வழியில் ஒருவன் பார்த்துச் சிரித்தான்.

கதவைத் திறந்த அண்ணி தம்பியின் முகத்தைப் பார்த்ததும் வழிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் நேராக ஜன்னலுக்குப் போய் ராக்கெட்டைக் கையில் எடுத்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாமேவா? ஒண்ணாவது நான் போட்டது இருக்கா?"

இருந்தது. கடைசி வரிசையில், இறக்கைக்குப் பக்கத்தில், ஒரு கட்டம் கிட்டத்தட்ட நேராகவே வந்திருந்தது. அந்தக் கை உண்மையாகவே ஒரு காலைப்பொழுதில் கொஞ்சம் அடங்கியிருக்க வேண்டும். மேல் ஓரத்தில் மட்டும் மயிரிழை பிசகு. அதை அப்படியே விட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? கை சும்மா இருக்காமல் அதையும் சுரண்டி, டேப் ஒட்டித் திருத்தியிருந்தான்.

அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

"இது நீங்க போட்டதுண்ணா. இதை நான் தொடவே இல்ல."

அண்ணன் ராக்கெட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரலின் பின்பக்கத்தை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து, எதிர்த்திசையில் மெல்லத் தடவினார். டேப்பை உரித்த இடத்தில் பெயிண்ட் மயிரிழை மேடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. முப்பது வருடம் கன்னங்களைத் தடவிய விரலுக்குத் தெரியாமல் போகாது. விரல் ஓரத்தில் ஒரு கணம் நின்றது. இன்னொரு முறை தடவினார். தம்பியால் அந்த விரலையும் பார்க்க முடியவில்லை, அண்ணனின் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"நல்லாத்தான் போட்டிருக்கேன்," என்றார் அண்ணன்.

ராக்கெட்டை மேடையில் நிறுத்தப் பார்த்தார். அது கடகடவென்று ஆடியது. தம்பி கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டான்.