ஆமையின் குழி

வகுப்பில் அவளுக்கு ஆமை என்று பெயர். கல்லூரியின் களப்பயணத்தில் மதியம்வரை அகழாய்வு, மாலையில் காட்டுச் சூழலியல். மற்றவர்கள் முழங்கால் ஆழம் இறங்கியபோது அவள் கணுக்கால் ஆழத்தில் தூரிகையால் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தாள். காட்டிலும் அதே கதைதான். ஓர் எறும்பு வரிசையைக் கண்டால் போதும், ஆணி அடித்தாற்போல நின்றுவிடுவாள். கேலிக்கு ஆள் கிடைத்தால் விடுவார்களா? முகாமில் அவளோடு தங்கியிருந்த அறைத்தோழிக்கு வாயே ஓயாது.

அடுத்த அகழாய்வுக்கு ஒரே ஒருத்தியைத்தான் கூட்டிப்போவேன் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். ஆமை வாழ்க்கையில் வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அன்று மதியம் அவள் குழியில் மாலையில் கோர்க்கும் சிறு மணி ஒன்று கிடைத்தது. எலும்பில் செய்தது. துளையோரம் நூல் உரசித் தேய்ந்திருந்தது. ஆமைக்கு அழுகையே வந்துவிட்டது. பேராசிரியை ஓடிவந்து மண்டியிட்டார். எல்லோரும் குழியை எட்டிப் பார்க்க, அறைத்தோழி மட்டும் சலித்த மண் குவியலருகே நின்றாள்.

"மேடம், மன்னிச்சிருங்க. நேத்து காட்டுல இருந்து திரும்பினதும் சும்மா விளையாட்டுக்கு அவ குழியைக் கிளறி என் கழுத்து மாலையிலிருந்து ஒரு மணியைப் புதைச்சேன். அந்தக் குவியல்ல பாருங்க."

குவியலில் பச்சை பிளாஸ்டிக் மணி ஒன்று கிடந்தது. அந்த மண்ணை ஆமையே தன் கையால் சலித்திருந்தாள்; அப்போது அதில் மணி எதுவும் இல்லை.

"பொய் மேடம்! மண்ணு கலைஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்!"

பேராசிரியை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மணி பழசுதான். ஆனா குழியைக் கிளறியாச்சுன்னு ஒருத்தி சொன்னப்புறம், எந்த மண் அடுக்குல கிடைச்சதுன்னு நான் எப்படி எழுதுவேன்? அடுக்கு தெரியலைன்னா காலம் சொல்ல முடியாது, அது வெறும் மணிம்மா." பிறகு குரல் மாறியது. "அவளை நான் கூட்டிப்போகப் போறதில்ல. ஆனா தன் குழியைத் தார்ப்பாய் போட்டுக் காப்பாத்தத் தெரியாதவளையும் கூட்டிப்போக முடியாது. மண்ணைத் தள்ளி மூடிரு."

ஆமையே மூடினாள். மாலைக் காட்டு நடையில் எறும்புகளைப் பார்க்காமல் முதல் ஆளாக நடந்தாள். ஆமைக்கு றெக்கை முளைச்சிருச்சு என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அறைக்கு வந்ததும் அறைத்தோழி படுக்கையில் பச்சை மணிகளைக் கொட்டினாள்.

"அந்த வாய்ப்பு எனக்கு எப்படியும் கிடைச்சிருக்காதுடி. அப்ப உனக்கு மட்டும் எதுக்கு?" என்றாள், வெகு சாதாரணமாக. "மதியம் அவசரத்துல அறுத்ததுல மாலையே போச்சு. ஊசி நூல் வச்சிருக்கியா?"

ஆமை எடுத்துக் கொடுத்தாள். ஊர் திரும்பும்வரை இதே அறையில்தான் படுக்க வேண்டும்.