சட்டைக் கையில் ஐந்து படங்கள்

பயிற்சி ஆய்வாளராகச் சேர்ந்த முதல் நாளே பரீட்சை வைத்தார்கள். மறதி நோய் வந்தவர்களிடம் கேட்கப்போகும் கேள்விகளை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுப் பழக வேண்டும். என்னோடு சேர்ந்த பெண் என்னைக் கேட்டாள். எதைப் படித்தாலும் மஞ்சள் கோடு போடுவாள். அதனால் அவளுக்கு ஹைலைட்டர் என்று பெயர்.

“இன்னைக்கு என்ன தேதி?”

“நவம்பர் பதினொண்ணு.”

அப்போது மார்ச் நடந்துகொண்டிருந்தது. நவம்பர் பதினொன்று என் மனைவி இறந்த தேதி. முப்பதுக்கு இருபத்து நான்கு வாங்கினேன். ஒப்பீட்டுக்காக வைத்திருந்த ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. மறுநாள் இல்லை.

இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டது என் அக்கா. “வீட்டுல சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு அங்க போய் உக்காரு. அங்கயும் சுவர் இருக்கும்” என்றாள். இருந்தது. வெளிர்பச்சை.

செவ்வாயும் வியாழனும் தரைத்தளத்துக்குப் பதினோரு பேர் வருவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நோய் முற்றியவர்கள் மாடியில் தங்கியிருந்தார்கள். அங்கே வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வரலாம். பாட்டு, நடை, குறுக்கெழுத்து இவற்றால் மறதியைத் தள்ளிப்போட முடியுமா என்பது ஆய்வு. வாரம் ஒரு சோதனை, மூன்று மாதம் முடிந்ததும் பெரிய சோதனை. அதில் பதினெட்டுக்குக் கீழே போனால் மாடி. சோதனை எடுப்பது நான். மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றுவது ஹைலைட்டர்.

பதினோரு பேரில் எல்லைக்கோட்டில் நின்றவர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். நான் அறைக்குள் நுழைந்ததும் கையை நீட்டுவார். அடையாள அட்டையைக் கொடுப்பேன். போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

“இதுல சிரிச்சுக்கிட்டு இருக்கான். இது நீ இல்ல. சரி, உக்காரு.”

“ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?”

“போன வாரமும் இதையேதான கேட்ட?”

“ஆமாங்க.”

“அதுக்கு முந்தின வாரமும்?”

“ஆமாங்க.”

காலையில் சாப்பிட்டது நினைவில்லாத மனிதருக்கு இது மட்டும் மறக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார். “பாவம், இந்தப் பையனுக்கு இன்னும் சரியாகல.” போகும்போது என் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகுவார். ‘இன்று வியாழன்’ என்றிருக்கும். அன்று செவ்வாயாக இருக்கும்.

குரல் போய்ச் சேர்வது அவர் மனைவிக்கு. தையல்காரர். வெளியே பெஞ்சில் மடியில் ஏதாவது துணியோடு உட்கார்ந்திருப்பார். கதவு ஒட்டுப்பலகை. உள்ளே தும்மினால் வெளியே கேட்கும்.

சோதனையில் ஐந்து வார்த்தைகளைச் சொல்வேன். சாவி, குடை, மீன், நாற்காலி, மணி. ஐந்து நிமிடம் கழித்து அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. ஆறாவது வாரம் மூன்று வந்தது. பத்தாவது வாரம் ஐந்தும் வந்தது. சொல்வதற்கு முன்னால் இடது கைப் பொத்தானைக் கழற்றுவார். புழுக்கம் என்று நினைத்தேன்.

அவர் மட்டுமல்ல, பதினோரு பேரும் தேறினார்கள். ஆய்வுக்குத் தலைவரான டாக்டரம்மாவின் நடையில் துள்ளல் வந்தது. மாநாட்டுக்கு வரைபடம் தயாரானது. ஹைலைட்டர் அதில் மேலே ஏறும் கோட்டுக்கு மஞ்சள் அடித்தாள். அடித்த கையோடு கேட்டாள்.

“எல்லாருக்கும் இந்த அஞ்சு வார்த்தைல மட்டும்தான் மார்க் ஏறியிருக்கு. உங்க பரிசோதகர் இன்னும் முள்ளு இல்லாமதான் கடிகாரம் வரையறாரு. நீங்க எந்தப் படிவம் குடுத்தீங்க?”

“ஏ.”

“அதுக்கு முந்தின வாரம்?”

“ஏ.”

படிவங்கள் மூன்று. வார்த்தைகள் பழகிவிடாமல் இருக்க வாரம் ஒன்றாக மாற்றித் தர வேண்டும். நகல் எடுப்பது என் பொறுப்பு. முதல் நாளே ஏ படிவத்தில் இருநூறு எடுத்து அடுக்கிவிட்டேன். பி, சி இரண்டும் உறை பிரிக்காமல் இழுப்பறையில் இருந்தன.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பன்னெண்டு வாரமா?”

“ஆமா மேடம்.”

“அதே அஞ்சு வார்த்தை. ஒருநாள்கூட உங்களுக்குச் சலிக்கலையா?”

யோசித்துப் பார்த்தேன். சலிப்பு வந்ததாக நினைவில்லை. எதுவுமே வந்ததாக நினைவில்லை.

வரைபடம் குப்பைக்கூடைக்குப் போனது. “செவ்வாய்க்கிழமை பெரிய சோதனை. பி படிவம்” என்றார்.

செவ்வாய் காலை தையல்கார அம்மா பெஞ்சில் ஒரு சட்டைக் கையைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மற்ற வீட்டுப் பெண்கள் கொடுத்த இரண்டு சட்டைகள். கையின் உட்புறம் வெளியே தெரிந்தது. அதில் சிவப்பு நூலில் ஒரு சாவி. அடுத்துக் குடை. மீனுக்குச் செதில்கூட இருந்தது.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

“எத்தனை பேருக்கும்மா?”

“பதினோரு பேருக்கும். ஒருத்தர் அரைக்கைச் சட்டை. அவருக்குக் கைக்குட்டைல போட்டுக் குடுத்தேன். இது துவைச்சதுல நூல் விட்டுப்போச்சு.”

“இன்னைக்கு வார்த்தை மாறுதும்மா.”

ஊசி நின்றது.

“என்னென்னன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. அரை மணி நேரம் போதும்.”

“சொல்லக்கூடாதும்மா.”

“மாடிக்கு அனுப்பிட்டா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாக்க விடுவாங்க. நாப்பத்தோரு வருசமா உப்பு கம்மி உப்பு கம்மின்னு சொல்லிக்கிட்டு இருக்கற மனுசன். அங்க யாரு உக்காந்து கேப்பா?” நூலைப் பல்லால் கடித்தார். “உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?”

“ஆச்சு.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

உள்ளே போய் அட்டையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். “விளக்கு, ஆடு, கத்தரிக்கோல், ரோஜா, படகு” என்றேன்.

“மாத்திப் படிக்கிற” என்றார் பரிசோதகர். “பரவால்ல. பயப்படாத.”

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டேன். பொத்தானைக் கழற்றினார். கையை மடித்தார். “சாவி, குடை, மீன், நாற்காலி, மணி” என்றார், வரிசை தப்பாமல்.

“அது இல்லீங்கய்யா. இன்னைக்குச் சொன்னது.”

கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

“கத்தரிக்கோல்.”

“சரிங்க.”

“அதுல காயிதம் வெட்டினேன்னு வையி, என் தோலை உரிச்சிடுவா.”

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது.

மற்ற நான்கும் வரவில்லை. கூட்டினேன். பதினேழு. மிச்சம் ஒரே கேள்வி. ஏதாவது ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பொருள் இருந்தால் ஒரு மதிப்பெண். பன்னிரண்டு வாரமும் அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். பரிசோதகர் அபராதச் சீட்டு, துண்டுச் சீட்டு தவிர வேறெதுவும் எழுதக்கூடாது என்பது அவர் கட்சி.

“என்ன எழுதணும்?”

“உங்களுக்குத் தோணறதை எழுதுங்க.”

பேனாவை வாங்கிக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார், நான் காப்பியடித்துவிடுவேன் என்பதுபோல. தாளை நான்காக மடித்தார். என் சட்டைப் பையில் செருகினார்.

டாக்டரம்மாவின் மேசையில் பிரித்தேன்.

‘இந்தப் பையனுக்கு நாள் கிழமை தெரியவில்லை, தனியாக விட வேண்டாம்.’

“இது யாரைப் பத்தி?”

“என்னைப் பத்தி மேடம்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார். “பொருள் இருக்கா?”

ஹைலைட்டர் முந்திக்கொண்டாள். “முழுசா இருக்கு மேடம்.” மஞ்சள் கோடு போட்டாள்.

பதினெட்டு.

வெளியே வந்து சொன்னேன். அந்த அம்மா கணவர் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். மீன் முதலில் போயிற்று.

“அடுத்த பெரிய சோதனை எப்போ தம்பி?”

“மூணு மாசம் கழிச்சு. சி படிவம்.”

“சி-ல என்ன வரும்?”

“அம்மா.”

“சும்மா கேட்டேன்.”

பரிசோதகர் காலியாக இருந்த கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். அதை அவர் பார்க்கவில்லை.

“இன்னைக்கு என்ன தேதி?”

அவருக்குப் பின்னால் சுவரில் காலண்டர் தொங்கியது. அதைப் பார்க்காமல் சொன்னேன். “ஜூன் பதினாறு.”

அவர் திரும்பிக் காலண்டரைச் சரிபார்த்தார். பிறகு மனைவி பக்கம் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, மாடி வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

“தேறிக்கிட்டு வரான்.”