வெள்ளிக் கண் வைத்த ரெங்கம்மா

பழனியாண்டியின் அடுத்த கண்காட்சி எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் பதுளை பஸ்ஸில் போய்வந்தது கிடையாது. ஏறும்போது கொழும்பு என்பான். ஹாலிஎல தாண்டினால் கண்டி. பதுளையில் இறங்குவதற்குள் பாரீஸ். அவன் சொன்ன கண்காட்சிகளில் பாதி நடந்திருந்தாலும் உலகத்தில் வேறு எவனும் ஒரு படம் மாட்டச் சுவர் மிஞ்சியிருக்காது.

இத்தனைக்கும் ஆள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். வளர்ந்த தேயிலையை முழங்கால் உயரத்துக்குத் தறித்துவிடுகிற வேலை. மலையைப் புதிதாக நட வேண்டும் என்று பிடுங்கி எறிந்த கிழட்டுத் தேயிலைக் கட்டைகளை தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குத் தூக்கிவந்து, பொழுது கிடைத்தபோதெல்லாம் சிலை செதுக்கினான். நான் அந்தத் தோட்டத்து அடிவாரத்தில் உபதபாலகம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வு மாதிரி ருசியான பண்டம் பூமியில் இல்லை. காலையில் பேப்பர், பகலில் பழனியாண்டி. அவன் ஒன்று சொன்னால் நான் அதைப் பத்தாக்கிச் சாயங்காலத்துக்குள் ஊருக்குச் சொல்லி முடித்துவிடுவேன். அவன் செதுக்கிய சேவல் விடியற்காலையில் கூவிற்று என்று நான் சொல்லி, பார்க்க வந்தவர்களால் லயத்து வாசலில் புல் முளைக்காமல் போயிற்று.

உண்மையில் நடந்த கண்காட்சிகள் இரண்டு. தொண்ணூற்று நான்கில் பண்டாரவளையில் ஒரு மண்டபம் கிடைத்தது. சிலைகளை வரிசையாக வைத்து முடித்த அன்றைக்கே ஒரு தேர்தல் கூட்டம் வந்து மண்டபத்தைப் பிடித்துக்கொண்டது. சிலைகளின் தலைமேல் தொப்பியும் குடையும் மாட்டி வைத்தார்கள். அடுத்தது எல்லவில், வெள்ளைக்காரர் தங்கும் ஒரு விடுதி. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அவனுடைய கூன் விழுந்த கிழவனின் முதுகில் கண்ணாடிப் பலகையைப் போட்டுத் தேநீர் மேசை ஆக்கியிருந்தார்கள்.

"கோப்பை ஆடாம நின்னுச்சுய்யா. அளவு தப்பல," என்று என்னிடம் வந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் ஊருக்குச் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் மெய்யான அழைப்பு. இரண்டாயிரத்து மூன்று. சமாதானம் என்று சொல்லிப் பாதைகளைத் திறந்துவிட்டிருந்த காலம். பதுளையில் சித்திரம் படிப்பித்த கமலாம்பிகை மிஸ், யாழ்ப்பாணத்துக்காரி, கொழும்பில் ஒரு கலைக்கூடத்தைப் பேசி முடித்துவிட்டுத் தானே தோட்டத்துக்கு ஏறி வந்தார். லயத்தில் அவனுடைய காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ரெங்கம்மா நின்றாள்.

ரெங்கம்மா பழனியாண்டியின் மனைவி. தொண்ணூற்றேழு மார்கழி மழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தபோது காம்பராவுக்குள் இருந்தவள். உயிரில்லாமல் அவளை எடுத்தார்கள். டிரங்குப் பெட்டியை எடுக்க முடியவில்லை. கல்யாணப் படமும் அடையாள அட்டையும் அந்தப் பெட்டியில்தான் கிடந்தன. ஆக, அவள் முகம் உலகத்தில் ஒரு காகிதத்திலும் இல்லை. விதைக்கென்று விட்டு மரமாகிப்போன பழைய தேயிலை ஒன்றைத் தோட்டத்தில் பிடுங்கியபோது, அதன் அடிக்கட்டையைக் கேட்டு வாங்கி ஐந்து வருஷம் செதுக்கினான். இடுப்பளவு உயரம். தலையில் கூடைக் கயிறு. ஒரு கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, பேச வாயெடுத்தவள் மாதிரி முகம். எங்கே என்னைத் திட்டிவிடுவாளோ என்று நான் ஒருதரம் பின்வாங்கியிருக்கிறேன். இது பத்தில் ஒன்றுகூடக் கூட்டாமல் சொல்வது.

"இதுதான் நடுவிலை நிக்க வேணும்," என்றார் மிஸ். "மற்றதெல்லாம் சுத்தி நிண்டால் போதும். பழனியாண்டி, ஒரு சின்னக் குறிப்பு அச்சடிக்கப் போறம். எங்கெங்கை கண்காட்சி வைக்கப் போறீங்கள், இந்த எண்ணமெல்லாம் எங்கையிருந்து வருது எண்டு சொல்லுங்கோ. ஐயா எழுதித் தருவார்தானே?"

தருவேனா! பேனா என் சட்டைப் பையில் அன்றைக்குத் துள்ளிய துள்ளல் அப்படி. முதல் பாதியை அவனே கடகடவென்று சொன்னான். கொழும்பு, அப்புறம் கண்டி, அப்புறம் மதுரை, அப்புறம் லண்டன். நான் ஜப்பானைச் சேர்த்தேன். அவன் மறுக்கவில்லை.

"சரி, எண்ணம் எங்கிருந்துப்பா வருது?"

"கட்டையில இருந்துதாங்க வருது. வேற எங்க இருந்து வரும்?"

"இப்படிச் சொன்னா அச்சடிக்க மாட்டாங்க. கொஞ்சம் அழகாச் சொல்லு."

அவன் ரெங்கம்மாவின் காலடியில் கிடந்த மரச்சீவலை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். "பயத்துலதாங்கய்யா வருது. அவ செத்த மறு வருசம் ஒரு நாள் மலையில நிக்கிறேன், அவ மூக்குத்தி எந்தப் பக்கம்னு எனக்கு நெனப்பு வரல. தலைக்குள்ள கெடந்தா அழிஞ்சு போயிருவான்னுதான் கட்டைக்கு மாத்துனேன். ஒவ்வொண்ணா மாத்திட்டேன். இப்ப கண்ணை மூடித் தேடுனா கெடைக்க மாட்டேங்குறா. தெறந்து கட்டையப் பாத்தா இருக்கா. அது போதும்."

அதை அப்படியே எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

கொண்டுபோகிற நாள் வந்தது. பதுளை ஜௌபர் நானாவின் லொறி பேசியாயிற்று. ஆனால் மழையில் லயத்துப் பாதை அறுந்து கிடந்தது. லொறி ஒன்பதாம் நம்பர் மலை உச்சியில் இருக்கிற வளைவு வரைக்கும்தான் வரும். சின்னச் சிலைகளை லொறி வந்த பிறகு கூடையில் தூக்கிக்கொள்ளலாம். ரெங்கம்மாவை முதல் நாள் சாயங்காலமே கம்பில் கட்டி, என்னை மறுமுனை பிடிக்கச் சொல்லிக் காவிக்கொண்டுபோய் வளைவில் ஒரு வாகை மரத்தடியில் நிறுத்தினான். பனி இறங்கி மரம் வெடித்துவிடக் கூடாது என்று வீட்டில் இருந்த சிவப்புச் சேலை ஒன்றைச் சுற்றிவிட்டான்.

"ராவைக்கு யாரும் தூக்கிட்டுப் போயிட்டா?" என்றேன்.

"கட்டையத் தூக்கிட்டுப் போயி என்னங்கய்யா பண்ணப் போறாங்க? அடுப்புக்கும் எரியாது, அம்புட்டு வைரம்."

அடுத்த நாள் காலையில் அவனும் நானும் பதுளைக்குப் போய் ஜௌபர் நானாவோடு லொறியில் ஏறி வந்தோம். வழி நெடுக அவன் நானாவுக்குக் கண்காட்சிகளைச் சொல்லிக்கொண்டு வந்தான். லண்டன் தாண்டி ஜப்பானுக்குப் போனபோது வளைவு வந்துவிட்டது.

முதலில் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு கற்பூர வாசம்.

அன்றைக்குத்தான் ஒன்பதாம் நம்பர் மலையில் கவ்வாத்துத் தொடக்கம். லீவு எடுத்திருந்ததால் பழனியாண்டிக்கு அது காதில் விழவில்லை. முதல் செடியை வெட்டும் முன் மலை உச்சியில் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போடாமல் எங்கள் ஆட்கள் கத்தியைத் தொடமாட்டார்கள். வழக்கமாக ஒரு கல்லை நட்டுவைத்து, மஞ்சள் பூசி, கத்திகளை அதன் முன்னால் அடுக்கி, சேவல் அறுப்பார்கள். அன்றைக்குக் கல் தேட வேண்டிய வேலை இருக்கவில்லை. விடிந்து வந்து பார்த்தால் மரத்தடியில் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு சாமியே வந்து நிற்கிறது.

கத்திகள் அடுக்கியிருந்தன. தேங்காய் உடைத்திருந்தது. தலை முதல் அடி வரை எண்ணெயும் மஞ்சளும் சேவல் ரத்தமும் வழிந்துகொண்டிருந்தன. கவ்வாத்துக் கங்காணி காளிமுத்து வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"வாடா பழனியாண்டி! ஒங் கையில அம்மா எறங்கிட்டாடா! சொல்லாமக் கொள்ளாமக் கொண்டாந்து நிப்பாட்டிருக்கியே, நீயல்லவா ஆளு!"

"கங்காணி, அது என் பொண்டாட்டி."

"அட, ஒனக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கா. ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு மாதிரித்தான் தெரிவா."

பழனியாண்டி அவரைத் தள்ளிக்கொண்டு போய் முகத்தைப் பார்த்தான். முகத்தில் இரண்டு வெள்ளிக் கண்கள் இருந்தன. போன கவ்வாத்தில் ஒருத்தன் காலை வெட்டிக்கொண்டபோது, ஆள் பிழைத்தால் சாமிக்குக் கண்மலர் சாத்துகிறேன் என்று கங்காணி நேர்ந்திருந்தாராம். ஆள் பிழைத்துவிட்டான். கண்களை ஆணி வைத்து அறைந்திருந்தார்.

"கண்ணு மொதல்ல சரியா ஒக்காரலடா," என்று கங்காணி பெருமையோடு விளக்கினார். "புருவத்தையும் மூக்கையும் லேசாச் சீவிட்டேன். கன்னத்துல ஒரு பக்கம் வீங்குனாப்ல இருந்துச்சா, அதையுஞ் சமப்படுத்திட்டேன். இப்பப் பாரு, என்ன களை!"

சமப்படுத்திய அந்தக் கன்னத்தில் நான் வெற்றிலையைத் தேடினேன்.

ஜௌபர் நானா லொறியிலிருந்து தலையை நீட்டினார். "என்ன போஸ்ட்மாஸ்டர், இத ஏத்தவா? கோவிச்சுக்க வாணாம், அந்தாக்கள் கும்புட்டுட்டு நிக்கிற ஒண்டுல என்னால கைவைக்க ஏலாது."

பழனியாண்டி கை வைத்தான். நான்கு பேர் பிடித்து இழுத்தார்கள். கோபத்தில் இல்லை, கெஞ்சிக்கொண்டே இழுத்தார்கள். "வேணாண்ணே, பூசை முடிஞ்சிருச்சு, இப்ப அசைச்சா மலையில ரத்தம் விழும். எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குண்ணே." அவனோடு எத்தனையோ கவ்வாத்து வெட்டியவர்கள். ரெங்கம்மாவை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவர்களும் அவர்களேதான். அவளைத் தோண்டியவர்களுக்கே அவளைத் தெரியவில்லை.

அவன் கையை எடுத்தான். மஞ்சள் ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தான். லொறி சின்னச் சிலைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

தபாலகத்து டெலிபோனில் மிஸ்ஸுக்கு விஷயத்தைச் சொன்னேன். "திறப்புவிழாவுக்கு மூண்டு கிழமை கிடக்கு. செய்த கைதானே ஐயா. இன்னொண்டு செய்யச் சொல்லுங்கோ," என்றார்.

சொன்னேன். அவனும் செய்தான். வேலைக்குப் போகாமல், சோறு தின்னாமல் செதுக்கினான். மூன்று வாரம் முடிகிற சமயத்தில் ஒரு பின்னேரம் என்னை வரச்சொல்லி ஆள் விட்டான். காம்பராவில் மூன்று கட்டைகள் நின்றன. மூன்றிலும் கூடைக் கயிறு இருந்தது, கழுத்து இருந்தது, தோள் இருந்தது. முகத்தில் அகலமாக, தட்டையாக, இமைக்காத இரண்டு கண்கள். கங்காணியின் சாமியை மூன்றுதரம் செய்து வைத்திருந்தான்.

"எப்பிடி ஆரம்பிச்சாலும் இதுதாங்கய்யா வருது. கண்ணை மூடினா அந்த வெள்ளிதான் நிக்கிது. அதுக்குப் பின்னால அவ இல்ல." நான்காவது கட்டையை மடியில் இழுத்துக்கொண்டான். "நீங்க அவளப் பாத்தவரு. இந்தியாவுக்குப் போன அவ அக்காவுக்குக் காயிதம் போட மாசா மாசம் வருவாளே. எப்பிடி இருந்தா? சொல்லுங்க, வெட்டுறேன்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெற்றிலை வாயால் முத்திரையை நக்கி ஒட்டுவாள், இந்தியா வரைக்கும் அந்தக் காகிதம் சிவப்பாகப் போகும் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. "ஆமா, ஆமா. அப்புறம்?" அவள் சிரித்தால் தபாலகத்து ஓடு அதிரும் என்றேன். புருவம் இரண்டும் வில் மாதிரி என்றேன். கண் இருக்கிறதே, நமுனுகுல மலையில் விளக்கேற்றின மாதிரி...

"கூட்டாமச் சொல்லுங்கய்யா."

நிறுத்தினேன். கூட்டாமல் சொல்ல அவளைத் தேடினேன். அந்தச் சிவப்பு முத்திரை தெரிந்தது. தபாலகக் கம்பிக்கு வெளியேயிருந்து நீண்ட ஒரு கை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நான் இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்ன கதைகள்தான் இருந்தன.

"மூக்குத்தி எந்தப் பக்கங்கய்யா?"

"இடது பக்கம்," என்றேன். பிறகு, "வலதோ?" என்றேன்.

கத்தி கட்டையில் இறங்கவே இல்லை. வெளியே, கவ்வாத்து வெட்டிவிட்டு இறங்கியவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு, உள்ளே நின்ற மூன்று சிலைகளையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தருக்கும் காலில் காயமில்லை.

பழனியாண்டி கத்தியைத் துடைத்துக் கூரையில் செருகினான்.

"மிஸ்ஸு கேட்டாங்கன்னா, அடுத்த கண்காட்சி ஒம்பதாம் நம்பர் மலையிலன்னு சொல்லுங்கய்யா. வெள்ளிக்கெழம தோறும், பூசையோட. கூட்டம் நல்லா வருது."

"நீ?"

"நான் போகலங்க. எனக்கு அந்தம்மாவத் தெரியாது."